பத்து நாள் கணக்கு

மாலை ஆறு மணி வாக்கில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கால் மணி நேரம் நின்றால் போதும். "அண்ணே, தலைவலி மாத்திரை நாலு குடுங்க" என்ற குரல் இரண்டு முறையாவது கேட்டுவிடும். எந்த மாத்திரை என்று கடைக்காரர் கேட்பதில்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். பின்னாலிருக்கும் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவி, கத்தரிக்கோலால் நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார். மருந்தின் பெயர், அதில் என்னென்ன கலந்திருக்கிறது, காலாவதித் தேதி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு எல்லாம் பெரும்பாலும் மீதி அட்டையோடு பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும். வாங்கியவர் கையில் இருப்பது நான்கு மாத்திரைகள் மட்டும்.

ஒருநாள் அப்படிப்பட்ட அட்டை ஒன்றை முழுசாகக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். எர்கோட்டமைன் 1 மி.கி., காஃபீன் 100 மி.கி., பாரசிட்டமால் 250 மி.கி., புரோகுளோர்பெரசின் 2.5 மி.கி. ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்துகள். முதலாவது, ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து 1918-ல் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் வேலை. இரண்டாவது காப்பியில் இருக்கிற அதே பொருள். மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த காய்ச்சல் மாத்திரை. நான்காவது வாந்தியை அடக்க. ஒற்றைத் தலைவலிக்கு இந்தக் கூட்டு மாத்திரை பல ஆண்டுகளாக நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பலருக்குக் கேட்கவும் செய்கிறது. கேட்பதால்தான் மறுபடி வாங்குகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த 'மறுபடி' பற்றியது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வலி மாத்திரையை மாதத்தில் ஒரு அளவுக்கு மேற்பட்ட நாட்களில் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். இது பாட்டி காலத்து பயமுறுத்தல் அல்ல. மருத்துவப் புத்தகத்தில் தனிப் பெயரோடு இருக்கிற ஒரு நோய். தமிழில் மருந்து மிகைத் தலைவலி என்று சொல்லலாம்.

சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வகைப்பாடு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. பாரசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், நாப்ரோக்சன் போன்றவற்றைத் தனித்தனியாகப் போடுபவர்களுக்கு மாதம் 15 நாள். எர்கோட்டமைன், சுமட்ரிப்டான் போன்ற ட்ரிப்டான் வகை மாத்திரைகள், டிரமடால் போன்ற ஓப்பியாய்டுகள், ஒன்றுக்கு மேற்பட்ட வலி மருந்துகளைக் கலந்த கூட்டு மாத்திரைகள் என்றால் மாதம் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்து, தலைவலியும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்தால் அது மருந்து மிகைத் தலைவலி.

இதில் எல்லோரும் தவற விடுவது ஒன்று உண்டு. கணக்கு மாத்திரைக்கு இல்லை, நாளுக்கு. "நான் ஒண்ணுக்கு மேல போடறதே இல்லைங்க" என்று பெருமையாகச் சொல்பவர் மாதத்தில் பன்னிரண்டு நாள் ஒவ்வொரு கூட்டு மாத்திரை போட்டிருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டார். ஒரே நாளில் டாக்டர் சொன்ன அளவுக்குள் இரண்டு வேளை போட்டு, மாதத்தில் மூன்று நாளோடு நிறுத்திக்கொண்டவர் தாண்டவில்லை.

என் சித்தியின் கதை இது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பதினெட்டு வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி, மாதத்துக்கு இரண்டு தடவை. இருட்டு அறையில் கிடப்பார், வாந்தி எடுப்பார், மறுநாள் எழுந்துவிடுவார். நாற்பதைத் தாண்டியபோது அது மாதத்துக்கு இருபது நாளாகிவிட்டது. காலையில் எழும்போதே தலை கனக்கும். பள்ளிக்கூடத்தில் வந்துவிடக் கூடாதே என்று காப்பியோடு ஒரு மாத்திரை. ஹேண்ட் பேக்கின் சின்ன ஜிப்புக்குள் எப்போதும் நாலைந்து இருக்கும். வயதாகிறது, ப்ரஷராக இருக்கும், வேலை அலுப்பு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, கண்ணாடி மாற்றியாயிற்று. கடைசியில் தலைவலிக்கென்றே பார்க்கிற ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். வலி எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று கேட்ட பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "மாசத்துல எத்தனை நாள் தலை சுத்தமா, கொஞ்சம்கூட வலி இல்லாம இருக்கும்மா?"

சித்தி விரல் விட்டு எண்ணப் பார்த்தார். பிறகு, "அப்படி ஒரு நாளே ஞாபகம் இல்லையே சார்" என்றார்.

இப்படி ஆவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து மருத்துவர்கள் 98 நோயாளிகளிடம் பார்த்து 2002-ல் எழுதினார்கள். அளவுக்கு மேல் போடத் தொடங்கி இந்த நிலைக்கு வந்து சேர, சாதாரண வலி மாத்திரைக்காரர்களுக்குச் சராசரியாக 4.8 ஆண்டு ஆகியிருந்தது. எர்கோட்டமைன்காரர்களுக்கு 2.7 ஆண்டு, ட்ரிப்டான்காரர்களுக்கு 1.7 ஆண்டு. மெதுவாக வருவதால்தான் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. தலைவலி கூடுகிறது, அதனால் மாத்திரை கூடுகிறது என்று நினைக்கிறோம். பாதி உண்மை அது. மாத்திரை கூடுவதால் தலைவலி கூடுகிறது என்பது மறுபாதி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூட்டுவாதத்துக்காக வருஷக்கணக்கில் தினமும் வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு, முன்பு தலைவலி நோய் இல்லாதிருந்தால், இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை. ஒற்றைத் தலைவலிக்கு இயல்பாகவே ஆட்பட்ட மூளையைத்தான் இது பிடிக்கிறது. அதனால் 'பக்கத்து வீட்டு மாமா முட்டிவலிக்குத் தினம் போடுறாரே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே' என்பது இங்கே செல்லாது.

மருத்துவ உலகத்துக்கு இது புதிதும் அல்ல. 1951-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பீட்டர்ஸ், ஹார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள், எர்கோட்டமைனை மிகையாக எடுப்பவர்களின் தலைவலியையும், அதை நிறுத்தும்போது வரும் அவதியையும் பற்றி எழுதிவிட்டார்கள். ஸ்வீடனில் ஹஸ்க்வார்னா என்ற ஊரின் கதை அதைவிடக் கடுமையானது. அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையின் டாக்டர் யோர்ட்டன், 1918 விஷக்காய்ச்சல் காலத்தில் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். ஃபினாசெட்டின், ஃபினாசோன், காஃபீன் மூன்றும் கலந்தது. காய்ச்சல் போன பிறகும் தொழிலாளர்கள் பொடியை விடவில்லை. தெம்புக்கு, அலுப்புக்கு, தலைவலிக்கு என்று பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து மனிதர்கள் சாவது அதிகமானது. 1961-ல் ஸ்வீடன் ஃபினாசெட்டினை டாக்டர் சீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று அந்த மருந்து சந்தையில் இல்லை. ஆனால் வலி மருந்தோடு காஃபீனைச் சேர்க்கிற பழக்கம் இருக்கிறது. காஃபீன் வலி மருந்தின் வேகத்தைக் கூட்டும் என்பது உண்மை. பழகிய உடம்புக்கு அது நின்றால் தலை வலிக்கும் என்பதும் உண்மை.

நம் ஊரில் பிரச்சினை இன்னும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைப்பதற்கே வழி இல்லாமல் போகிறது. மஞ்சளாக வாந்தி எடுத்தால் பித்தம். நெற்றியிலும் கன்னத்திலும் குத்தினால் சைனஸ். தலைக்குக் குளித்த அன்று வந்தால் தலையில் நீர் கோத்துக்கொண்டது. இவற்றில் கணிசமானவை ஒற்றைத் தலைவலிதான். அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாங்களோ டாக்டரோ முடிவு கட்டிய 2,991 பேரைப் பரிசோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. தலைக்குக் குளித்தால் வருகிற வலியை மும்பையின் தலைவலி நிபுணர் கே.ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் கண்டு 2006-ல் எழுதினார். அவர்களுக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டிவிட்டது அந்தக் குளியல். நம் அம்மாக்கள் சொன்னதில் கவனிப்பு சரியாக இருந்தது, காரணம்தான் வேறு.

கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 25.2 சதவீதம். நாலு பேருக்கு ஒருவர். உலக அளவில் மனிதர்களை முடக்கிப்போடும் நோய்களின் வரிசையில் ஒற்றைத் தலைவலிக்கு இரண்டாம் இடம், இளம் பெண்களில் முதலிடம் என்கிறது 2019-ன் உலக நோய்ச்சுமை ஆய்வு. இவ்வளவு பெரிய கூட்டம், நோயின் பெயர் தெரியாமல், மருந்தின் பெயரும் தெரியாமல், வெட்டிய அட்டையோடு வீடு திரும்புகிறது.

சித்திக்கு வருகிறேன். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கூடவே வேறொரு மருந்தைச் சின்ன அளவில் தினமும் இரவில் எடுக்கச் சொன்னார். முதல் பத்து நாள் மோசமாக இருக்கும், பள்ளிக்கு லீவு போட்டுவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆனது. மூன்றாம் நாள் ராத்திரி ஈரத் துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணே ஒண்ணு குடுடி, நாளையிலேர்ந்து விட்டுடறேன்" என்று கெஞ்சினார். கொடுக்கவில்லை. அந்தப் பத்து நாளைத் தனியாகக் கடக்க யாராலும் முடியாது, கூட ஆள் வேண்டும். எஸ்ஸன் மருத்துவர்களின் இன்னொரு கணக்கு இதையும் சொல்கிறது: நிறுத்திய பின் அவதி ட்ரிப்டானுக்குச் சராசரி 4 நாள், எர்கோட்டமைனுக்கு ஏறக்குறைய 7 நாள், சாதாரண வலி மாத்திரைக்கு 9.5 நாள்.

இதை எப்படிச் செய்வது என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. டென்மார்க்கின் தலைவலி மையத்தில் 120 பேரை வைத்து 2020-ல் வந்த ஆய்வு, வலி மாத்திரையை நிறுத்துவதும் தடுப்பு மருந்தை அன்றே தொடங்குவதும் சேர்ந்து நடப்பதே மேல் என்றது. அமெரிக்காவில் 34 மையங்களில் 720 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட்டால், பழைய வலி மாத்திரையை உடனே மாற்றிக் கட்டுப்படுத்தியவர்களும் அப்படியே தொடர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது தடுப்பு மருந்து. நம்மில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஒற்றைத் தலைவலிக்கு மருந்து இரண்டு வகை. வலி வந்ததும் போடுவது ஒன்று. அதை வலி ஏறுவதற்கு முன்பே, இளசாக இருக்கும்போதே போட வேண்டும். வலி முற்றியபின் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும். இன்னொன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுத்து, வருகிற தடவைகளையே குறைக்கும் தடுப்பு மருந்து. மாதத்தில் நாலு நாளுக்கு மேல் முடங்கிப்போகிறவர்கள் இந்த இரண்டாவது வகையைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். இது பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். இன்னொரு கூட்டம் கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையால் நிறுத்துகிறது. "இது ஃபிட்ஸுக்குக் குடுக்குற மாத்திரையாச்சே." "இது ப்ரஷர் மாத்திரைம்மா." டோபிராமேட் வலிப்புக்கும் கொடுப்பதுதான், புரோப்ரனலால் ரத்த அழுத்தத்துக்கும், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுப்பவைதான். ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதிலும் அவை சோதித்துத் தேறியவை. பயந்து தூக்கிப்போட வேண்டியதில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு புரோப்ரனலால் ஆகாது. எடுப்பவர்கள் அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டோபிராமேட் விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு தரலாம், பேச்சில் வார்த்தை சிக்காமல் போகலாம், சிறுநீரகக் கல் வரலாம். ஃப்ளூனரிசின் நம் ஊரில் நிறைய எழுதப்படுகிறது. எடை ஏறலாம், தூக்கம் வரலாம், மனம் சோரலாம். வயதானவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காமல் வருஷக்கணக்கில் அதையே வாங்கிப் போட்டால் கை நடுங்கி, நடை குறுகி, பார்க்கின்சன் நோய்போல் ஆகிவிடலாம். பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாத மருந்து அது.

வால்புரோயேட் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இதுவும் தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. கர்ப்பத்தில் இதை எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உடற்குறை வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு வருகிறது. கர்ப்பிணிகளுக்கு ஒற்றைத் தலைவலிக்காக இதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-ல் எச்சரித்தது. குழந்தையின் மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கர்ப்பம் தரித்த முதல் நாலு வாரத்துக்குள். நாள் தள்ளிப்போனதைக் கவனிக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் முடிந்திருக்கும். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற எந்தப் பெண்ணும் தன் தலைவலிச் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தானாக நிறுத்தாமல், அந்த வாரமே டாக்டரிடம் போய் மாற்று கேட்க வேண்டும். டோபிராமேட்டுக்கும் கர்ப்பத்தில் ஆபத்து உண்டு. குழந்தைக்கு உதடு, அண்ணம் பிளவுபடலாம்.

கண்முன் பளிச் பளிச்சென்று கோடுகள், வளைவுகள் தோன்றி, அதன்பின் தலைவலி வருகிறவர்கள் சிலர். இவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பக்கவாத அபாயம் கூடும். தலைவலி டாக்டரிடம் கருத்தடை பற்றியும், மகப்பேறு டாக்டரிடம் தலைவலி பற்றியும் பேசாமல் இருப்பதால் இது நழுவிப்போகிறது.

எர்கோட்டமைனுக்கு இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. அதைக் கல்லீரலில் கரைத்து வெளியேற்றுகிற நொதியைச் சில மருந்துகள் முடக்கிவிடும். தொண்டைக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கிற கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் அப்படிப்பட்டவை. படர்தாமரைக்கு இன்று ஊரெங்கும் எழுதப்படுகிற இட்ரகோனசோலும் அப்படித்தான். இவற்றில் ஒன்றோடு உடம்பில் சேர்ந்தால் எர்கோட்டமைன் தேங்கி, கைகால் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். விரல்கள் ஜில்லென்று ஆகி, வெளுத்து, நீலம் பாய்ந்து, கவனிக்காமல் விட்டால் அழுகும் நிலைக்கே போகும். தோல் டாக்டர் "வேற என்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்பதே நம் வழக்கமான பதில். தலைவலி மாத்திரையை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே எர்கோட்டமைன் கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் கூடாது. அதைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் சுமட்ரிப்டான் வகையையும் போடக் கூடாது.

மாத்திரையே போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தலைவலிகளும் இருக்கின்றன. இடி விழுந்ததுபோல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடும் கழுத்து இறுக்கத்தோடும் வருவது. கைகால் இழுத்துக்கொண்டோ பேச்சுக் குழறியோ வருவது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது. கர்ப்பத்திலும், பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள்ளும் வருகிற புதுத் தலைவலி. பிரசவித்த வீட்டில் 'காத்து பட்டிருக்கும்' என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

யாரும் இதைப் படித்துவிட்டு இன்றே எல்லா மாத்திரையையும் குப்பையில் போட வேண்டாம். டிரமடால் போன்றவையும் தூக்க மாத்திரை கலந்தவையும் பல மாதம் எடுத்திருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அது டாக்டரின் கண்பார்வையில் நடக்க வேண்டும். நிறுத்தியவர்களில் கணிசமானோர் ஓராண்டுக்குள் பழையபடி மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சித்தி திரும்பவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். எத்தனை பாக்கெட் பால் வாங்கினோம் என்று ஒவ்வொரு தேதிக்கும் கீழே எழுதி வைப்பார். வலி மாத்திரை போட்ட நாளில் அதே கட்டத்தில் ஒரு வட்டம் போடச் சொன்னார் டாக்டர், எத்தனை மாத்திரை என்று எழுத வேண்டியதில்லை, வட்டம் போதும் என்றார். அவரிடம் போன மாதத்தைச் சித்தியே யோசித்துப் போட்டுப் பார்த்தபோது 22 வட்டம். நான்காவது மாதம் 5. இன்றும் ஒற்றைத் தலைவலி வருகிறது. இருட்டு அறையில் கிடக்கிறார், மறுநாள் எழுந்து பள்ளிக்குப் போகிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காலண்டர் தொங்கும். பால் கணக்குக்குப் பக்கத்தில் இந்த மாதம் முதல் வட்டம் போட்டு வாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் அட்டையை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தைப் படியுங்கள். பத்தாவது வட்டம் விழுகிற மாதம், அந்தக் காலண்டர் தாளையும் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.